செருப்பு ஜோடி உதாரணம் பத்தாதுங்க: இரைச்சலுக்கு நடுவுல நிக்கிற குவாண்டம் ஸ்டியரிங்

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல குவாண்டம் பத்தி முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. தமிழ்ப் பேப்பர்ல இதுக்கு முழுப் பக்கம் ஒதுக்கினதுக்கே முதல்ல நன்றி சொல்லணும், அதை வெட்டி எடுத்து எங்க டிபார்ட்மெண்ட் போர்டுல குத்தி வச்சிருக்கேன். ஆனா அதுல மூணு விஷயம் அன்னைலருந்து என்னை உறுத்திக்கிட்டே இருக்கு, பிள்ளைங்க வேற வந்து "மேடம் பேப்பர்ல இப்டித்தானே போட்டிருக்கு"ன்னு கேக்குறாங்க, நான் பாளையங்கோட்டைல இருபது வருஷத்துக்கு மேல இயற்பியல் சொல்லிக் குடுக்குறவ, சும்மா இருக்க மனசு வரல. கடிதம் கொஞ்சம் நீளமாத்தான் போகும், முழுசாப் போட இடம் இல்லைன்னாலும் தயவுசெஞ்சு நீங்களாவது முழுசாப் படிங்க.

முதல் விஷயம் செருப்பு. பின்னிப் பிணைஞ்ச ரெண்டு துகள்னா ஒரு ஜோடிச் செருப்பை ரெண்டு பெட்டில போட்டு ஒண்ணைச் சென்னைக்கும் ஒண்ணை டெல்லிக்கும் அனுப்புற மாதிரி, சென்னைல திறந்து இடது கால் செருப்புன்னு பாத்தா டெல்லில இருக்கிறது வலதுன்னு உடனே தெரிஞ்சுரும்னு போட்டிருந்தீங்க. ரெண்டாவது, ஒரு துகளைத் தொட்டா அந்தச் சேதி ஒளியை விட வேகமா இன்னொண்ணுக்குப் போயிருதுன்னு போட்டிருந்தீங்க. மூணாவது, வெளில இருந்து கொஞ்சம் இரைச்சல் கலந்தாலே இந்தத் தொடர்பு மொத்தமும் அறுந்து போயிரும், அதனாலதான் குவாண்டம் கருவி செய்றது கஷ்டம்னு முடிச்சிருந்தீங்க. முதல் ரெண்டும் எல்லா ஊர்ப் பேப்பர்லயும் வர்ற தப்புதான். மூணாவதுதான் எனக்கு ரொம்ப வருத்தம், ஏன்னா கடந்த முப்பது நாப்பது வருஷமா இந்தத் துறைல நடந்த நல்ல வேலைல பாதி அந்த ஒரு வரிக்குள்ளதான் இருக்கு, "மொத்தமும் அறுந்து போயிரும்"னு சொல்லிட்டா அந்த வேலை எதுவும் நடக்காத மாதிரி ஆயிருது.

இரைச்சல்னா என்னன்னு கண்ணால பாத்ததைச் சொல்றேன். சில வருஷம் முன்னாடி ஒரு ரெஃப்ரெஷர் கோர்ஸுக்குப் போயிருந்தப்ப ஒரு லேப்ல கூட்டிட்டுப் போய்க் காட்டுனாங்க. இருட்டு ரூம், நடுவுல பெரிய ஆப்டிகல் டேபிள், அதுல 405 நானோமீட்டர் ஊதாக் கலர் லேசர், அது போய் விழுற இடத்துல கட்டைவிரல் நகம் அளவு கூட இல்லாத ஒரு பிபிஓ படிகம். கோடிக்கணக்கான ஊதா ஃபோட்டான் (ஒளித்துகள்) அதுக்குள்ள போகும், அதுல எப்பவோ ஒண்ணு ரெண்டா உடைஞ்சு 810 நானோமீட்டர்ல ரெண்டு ஃபோட்டானா வெளிய வரும், கண்ணுக்குத் தெரியாது, ஒண்ணு இடது பக்க டிடெக்டருக்கும் ஒண்ணு வலது பக்க டிடெக்டருக்கும் போகும். ரெண்டு டிடெக்டரும் சில நானோ செகண்டுக்குள்ள சேர்ந்து கிளிக் ஆனா அதை ஒரு ஜோடின்னு கம்ப்யூட்டர் எண்ணிக்கும். ரெண்டு பக்கமும் போலரைசரை (ஒரு கோணத்துல அதிர்ற ஒளியை மட்டும் விடுற வடிகட்டி) ஒரே கோணத்துல வச்சா நூறு ஜோடில 96, 97 ஜோடி எதிர்பாத்தபடியே வந்துக்கிட்டு இருந்துச்சு. அந்த நேரம் பாத்து கூட வந்த ஒருத்தர் சட்டைப் பைல இருந்த செல்லுக்கு கால் வந்து ஸ்கிரீன் எரிஞ்சுது. அவ்வளவுதான், டிடெக்டர் எண்ணிக்கை தாறுமாறா ஏறுச்சு, நம்பர் 90-க்குக் கீழ இறங்கிருச்சு. செல்லுல இருந்து வந்த ஏதோ ஒரு ஃபோட்டானும் படிகத்துல இருந்து வந்த ஒரு ஃபோட்டானும் தற்செயலா ஒரே நேரத்துல விழுந்தா அதையும் ஜோடின்னு மெஷின் எண்ணுது, அந்தப் பொய் ஜோடிக்கு ஒரு ஒழுங்கும் கிடையாது, பாதிக்குப் பாதிதான் ஒத்துப் போகும். அப்புறம் அந்த மஞ்சக் கலர் ஃபைபர் வயரைக் கையால லேசா வளைச்சாலே உள்ள போற ஒளியோட போலரைசேஷன், அதாவது ஒளி அதிர்ற திசை, திரும்பிருதுன்னும் காட்டுனாங்க, அது வேற வகை இரைச்சல்.

இப்ப கேள்வி என்னன்னா, 97 வந்தா நல்ல குவாண்டம் ஜோடி, 50 வந்தா வெறும் குப்பை, சரி, நடுவுல 90, 80, 70, 60 வந்தா அது என்ன? உங்க கட்டுரைப்படி 96-லயே எல்லாம் முடிஞ்சுரணும். உண்மைல அப்டி இல்ல. 1989-ல ஜெர்மனிக்காரர் ரைன்ஹார்ட் வெர்னர் இதைச் சுத்தமாக் கணக்குப் போட்டுப் பாத்தாரு. நல்ல ஜோடியும் வெறும் இரைச்சலும் ஏதோ ஒரு விகிதத்துல கலந்திருக்கிற நிலையை எடுத்துக்கிட்டாரு, இன்னைக்கும் அதுக்கு வெர்னர் நிலைன்னுதான் பேரு. பின்னல் (துகள் ரெண்டும் பின்னிப் பிணைஞ்சிருக்கிறது) இருக்கு, ஆனா அந்தப் பின்னலைப் பழைய காலத்து முன்கூட்டி எழுதி வச்ச பதில்களாலயே போலி பண்ணிக் காட்ட முடியும், அப்டி ஒரு நடு இடம் இருக்குன்னு அவர் காட்டினது அப்ப பெரிய அதிர்ச்சி. அதுவரைக்கும் பின்னல் இருந்தாலே பெல் டெஸ்ட்ல (பதில் எல்லாம் முன்கூட்டியே எழுதி வச்சதா இல்லையான்னு கண்டுபிடிக்கிற சோதனை) தெரிஞ்சுரும்னுதான் நெறைய பேர் நினைச்சிருந்தாங்க.

அந்த நடு இடத்துக்குள்ளதான் நான் சொல்ல வர்ற ஸ்டியரிங் இருக்கு. இதை எங்க பிள்ளைங்களுக்கு நான் பரீட்சை ஹாலை வச்சுத்தான் சொல்லிக் குடுக்குறேன், செருப்பை வச்சு இல்ல.

செல்வின்னு ஒருத்தி, மூர்த்தின்னு ஒருத்தர். செல்வி ஒரு ஜோடி ஃபோட்டான் செஞ்சு ஒண்ணைத் தன்கிட்ட வச்சுக்கிட்டு இன்னொண்ணை மூர்த்திக்கு அனுப்புறா. "உங்க கைல இருக்கிற ஃபோட்டானைத் தொடாமலே நான் இங்க இருந்து அதோட நிலையை எந்தப் பக்கம் வேணும்னாலும் திருப்புவேன், சந்தேகம்னா கேட்டுப் பாருங்க"ன்னு சொல்றா. மூர்த்திக்கு தன்னோட கருவி மேல முழு நம்பிக்கை, அதை அவரே செஞ்சு அவரே சோதிச்சு வச்சிருக்காரு, அவர் ஹாலுக்கு சூப்பர்வைசர் இருக்குன்னு வைங்க, உள்ள பிட்டு கொண்டு வர முடியாது. செல்வி ஹால்ல சூப்பர்வைசர் கிடையாது. அவ என்ன பண்றா, எந்த மெஷின் வச்சிருக்கா, ஒண்ணும் தெரியாது. அதனால மூர்த்தி என்ன பண்றாரு, ஃபோட்டான் தன் கைக்கு வந்து சேர்ந்த அப்புறமா "இன்னைக்கு நேர்/படுக்கை கேள்வி", "இன்னைக்கு 45 டிகிரி சாய்வு கேள்வி"ன்னு தன் இஷ்டத்துக்கு ஒண்ணைத் தேர்ந்தெடுத்து போன்ல சொல்றாரு. செல்வி தன் பக்கத்து அளவீட்டைப் பண்ணிட்டு "உங்களுக்கு இந்தப் பதில்தான் வரும்"னு சொல்லணும். எத்தனை தடவை சரியாச் சொல்றான்னு எண்ணணும்.

செல்வி ஏமாத்துக்காரின்னா என்ன பண்ணுவா? பின்னல் எதுவும் இல்லாம, தனக்குத் தெரிஞ்ச ஒரு நிலைல சாதாரண ஃபோட்டானை செஞ்சு அனுப்பிட்டு, சும்மா குத்துமதிப்பாப் பதில் சொல்லுவா. கேள்வி ரெண்டே ரெண்டுதான்னு அவளுக்குத் தெரிஞ்சா, ரெண்டுக்கும் நடுவுல 22.5 டிகிரில போலரைஸ் பண்ணி அனுப்புவா, அது ரெண்டு கேள்விக்கும் 100-க்கு 85 தடவை அவ சொன்ன பதிலையே குடுக்கும். அதாவது ரெண்டு கேள்வி மட்டும் கேட்டா 85 மார்க் வாங்கினவளைக் கூட நம்ப முடியாது. மூர்த்தி மூணாவதா ஒரு கேள்வி சேக்குறாரு, வட்ட போலரைசேஷன் வலமா இடமான்னு. இப்ப ஏமாத்துக்காரிக்குக் கஷ்டம்.

இதைப் பிள்ளைங்களுக்குப் புரிய வைக்க கிளாஸ் ரூம் மூலையைக் காட்டுவேன். ரெண்டு சுவரும் தரையும் சேருற மூலைல மூணு கோடு மூணு திசைல போகுதுல்ல, அதுதான் மூணு கேள்வி. மூணுக்கும் சமமா இருக்கிற மாதிரி ஒரு அம்பு வைக்கணும்னா அந்த மூலைல இருந்து எதிர் மேல் மூலையைப் பாத்து வைக்கணும், நம்ம ரூமை ஒரு சதுரப் பெட்டின்னு நினைச்சுக்கிட்டா ஒவ்வொரு கோட்டுக்கும் கிட்டத்தட்ட 55 டிகிரி. எப்பவும் ஒரே அம்பை அனுப்பினா மூர்த்தி கண்டுபிடிச்சுருவாரு, அதனால பெட்டியோட எட்டு மூலைக்கும் மாத்தி மாத்தி அனுப்பணும். அப்டி அனுப்பினா 100-க்கு 79 வரும், அதுக்கு மேல எந்த ஏமாத்துக்காரியாலயும் வாங்க முடியாது. போன வருஷம் ரெண்டாம் வருஷப் பிள்ளைங்க நாலு பேர் கால்குலேட்டர்ல ரேண்டம் நம்பர் தட்டித் தட்டி இதை விளையாடிப் பாத்தாங்க, ஒரு தடவை 76, ஒரு தடவை 81, சுத்திச் சுத்தி அந்த 79 பக்கத்துலயே நின்னுச்சு. அதுல ஒரு பொண்ணு கேட்டா, "மேடம் கேள்வியைக் கூட்டிக்கிட்டே போனா இது எதுவரைக்கும் இறங்கும்?"னு. அந்தக் கேள்வி கேட்ட அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. ஏன்னா அதுதான் சரியான கேள்வி. எல்லாத் திசையிலயும் கேள்வி கேக்கலாம்னு விட்டா ஏமாத்துக்காரிக்கு அதிகபட்சம் 75 தான். அது கீழ இறங்காத எல்லை. 75-க்கு மேல ஒரு மார்க் தொடர்ந்து வந்தாலும் செல்வி சொல்றது நிஜம், அவ கைலதான் ஸ்டியரிங் இருக்குன்னு அர்த்தம்.

எந்த மாதிரி அளவீடு பண்ணினாலும் இந்த எல்லை மாறாதுன்னு கணக்கு முழுசா முடிஞ்சது 2024-லதான். ரெண்டு தரப்பு தனித்தனியாச் செஞ்சு நிரூபிச்சாங்க. 1989-ல ஆரம்பிச்ச கேள்விக்கு 35 வருஷம் கழிச்சு முடிவு, இதெல்லாம் ஒரு செய்தி இல்லையா அய்யா?

இப்ப ஹாலை மாத்திப் பாருங்க. ரெண்டு ஹால்லயும் சூப்பர்வைசர் இருக்கு, ரெண்டு கருவியும் நம்பகமானதுன்னா பின்னல் இருக்கான்னு கண்டுபிடிக்க 67 மார்க் தாண்டினாப் போதும் (சரியாச் சொன்னா மூணுல ரெண்டு பங்கு). ஒரு ஹால்ல மட்டும் சூப்பர்வைசர்னா 75, இது ஸ்டியரிங். ரெண்டு ஹால்லயும் சூப்பர்வைசர் இல்ல, ரெண்டு பேரும் பிட்டு வச்சிருக்கலாம்னா அது பெல் டெஸ்ட், அங்க ஒரே திசைல கேள்வி கேட்டுப் பிரயோஜனமே இல்ல, பிட்டைப் பாத்து ரெண்டு பேரும் நூத்துக்கு நூறு எழுதிருவாங்க, கேள்வித்தாள் ரெண்டையும் ஒண்ணுக்கொண்ணு சாய்வா வச்சாதான் குட்டு வெளிப்படும். வழக்கமான பெல் டெஸ்ட்ல தேறணும்னா ஜோடி நம்ம கணக்குல 85-க்கு மேல மார்க் வாங்குற தரத்துல இருக்கணும். ஆக 67, 75, 85. இரைச்சல் ஏற ஏற முதல்ல பெல் போகுது, அப்புறம் ஸ்டியரிங் போகுது, அப்புறம்தான் பின்னல் போகுது. 67-க்குக் கீழயும் டிஸ்கார்டுன்னு ஒரு வகைக் குவாண்டம் தொடர்பு மிச்சம் இருக்கும்னு 2001-ல ஒலிவியேவும் ஸூரெக்கும் ஒரு பக்கம், ஹெண்டர்சனும் வெட்ரலும் இன்னொரு பக்கம் காட்டிட்டாங்க, வெர்னர் நிலைல அது 50-ஐத் தொடுற வரைக்கும் கொஞ்சமாவது ஒட்டிக்கிட்டு இருக்கும்.

உங்க கட்டுரை சொன்னதுல ஒரு பாதி உண்மை இருக்கு, அதையும் சொல்லிடுறேன். சில வகை இரைச்சல்ல பின்னல் படிப்படியாத் தேயாம ஒரு குறிப்பிட்ட நேரத்துல சட்டுன்னு பூஜ்யம் ஆயிரும், தனித்தனித் துகள் இன்னும் முழுசா அடங்கியிருக்காது, ஆனா ரெண்டுக்கும் நடுவுல இருந்த பின்னல் போயிருக்கும். 2004-ல யூவும் எபர்லியும் இதைக் கணக்குல காட்டினாங்க, 2007-ல ரியோ டி ஜெனிரோல ஃபோட்டான்களை வச்சு நேர்லயே பாத்துட்டாங்க. பின்னலோட திடீர் மரணம்னே பேரு. ஆனா அது கூட "கொஞ்சம் இரைச்சல் பட்டாலே"ன்னு நடக்கிறது இல்ல, ஒரு அளவைத் தாண்டினப்புறம் நடக்கிறது.

ஸ்டியரிங்ங்கிற பேரை நான் வைக்கலங்க, ஆஸ்திரிய இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் வச்சது. 1935-ல ஐன்ஸ்டீன், பொடோல்ஸ்கி, ரோசன் மூணு பேரும் சேர்ந்து குவாண்டம் கொள்கை முழுமையானதில்லைன்னு ஒரு கட்டுரை எழுதினாங்க. அப்ப ஆக்ஸ்ஃபோர்டுல இருந்த ஷ்ரோடிங்கர் அதைப் படிச்சிட்டு அதே வருஷம் பதிலா எழுதினதுலதான் பின்னல்ங்கிற சொல்லும் வருது, தொட முடியாத தூரத்துல இருக்கிற ஒரு துகளை இங்க இருக்கிற ஆள் தன் இஷ்டத்துக்கு ஸ்டியர் பண்ண முடியுதே, இது மனசுக்கு சங்கடமா இருக்கேங்கிற வருத்தமும் வருது. துகள் ரெண்டும் ரொம்ப தூரம் பிரிஞ்சா இந்தத் தொடர்பு நிக்காமலே போகலாமோன்னு 1936-ல அவருக்கே ஒரு சந்தேகம். 2017-ல சீனாவோட மோஸி செயற்கைக்கோள் 1,203 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ரெண்டு ஊருக்கு ஜோடி ஜோடியா ஃபோட்டான் அனுப்பி பெல் டெஸ்ட் பண்ணினாங்க, அந்த டெஸ்ட்டோட சொந்த ஸ்கோர்ல (நம்ம மார்க் கணக்கு வேற) 2-க்கு மேல வரணும், 2.37 வந்துச்சு. அவ்வளவு தூரம், காத்து மண்டல இரைச்சல் எல்லாம் தாண்டி.

இந்த 1935 கட்டுரைக்கும் பத்திரிகைக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு, நீங்க ஆசிரியர்ங்கிறதால சொல்றேன். கட்டுரை அச்சுல வந்தது மே 15. ஆனா மே 4-ஆம் தேதியே நியூயார்க் டைம்ஸ்ல ஐன்ஸ்டீன் குவாண்டம் கொள்கையைத் தாக்குறார்னு தலைப்புப் போட்டு செய்தி வந்துருச்சு, பொடோல்ஸ்கி முன்னாடியே குடுத்துட்டாரு. ஐன்ஸ்டீனுக்கு அது பிடிக்கவே இல்ல, என் அனுமதி இல்லாம குடுத்தது, அறிவியல் விஷயத்தை அதுக்கு உரிய இடத்துலதான் பேசுவேன்னு மறுப்பு எழுதி அதே பேப்பர்ல வந்துச்சு. அவர் கோவம் நியாயம்தான், ஆனா நான் அவர் கட்சி இல்ல. இது பேப்பர்ல வரணும், தமிழ்ப் பேப்பர்ல கண்டிப்பா வரணும், சரியா வரணும், அவ்வளவுதான்.

ஷ்ரோடிங்கர் சொன்ன ஸ்டியரிங்கை சூப்பர்வைசர் ஹால் மாதிரி ஒரு பரீட்சையா மாத்தி, இது பின்னலுக்கும் பெல்லுக்கும் நடுவுல இருக்கிற தனி வகைன்னு சரியா வரையறுத்தது 2007-ல ஆஸ்திரேலியாவுல வைஸ்மன், ஜோன்ஸ், டோஹர்ட்டி மூணு பேர். அதாவது பேரு வச்சு 72 வருஷம் கழிச்சு. 2010-ல அங்கயே சாண்டர்ஸ், பிரைட் குழு வேணும்னே இரைச்சல் கலந்து, பெல் டெஸ்ட்ல தேறவே முடியாத நிலைக்கு ஜோடியைக் கொண்டு வந்து, கேள்வி எண்ணிக்கையைக் கூட்டிக்கூட்டி அந்த ஜோடியும் ஸ்டியர் பண்ணுதுன்னு காட்டிட்டாங்க. உங்க கட்டுரைப்படி அறுந்து போயிருக்க வேண்டிய ஜோடி அது.

செல்வி மூர்த்தியை ஸ்டியர் பண்ண முடியும், ஆனா மூர்த்தி செல்வியைப் பண்ண முடியாது, அப்டியும் ஒரு நிலை இருக்கு. வெர்னர் நிலைல ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், ஆனா ஒரு பக்கம் மட்டும் இரைச்சலோ இழப்போ கூட இருந்தா இப்டி ஆகும். பின்னலைப் பொறுத்தவரை உனக்கு இருந்தா எனக்கும் இருக்கு, ஸ்டியரிங் அப்டி இல்ல, பஸ்ல டிரைவர் கைல இருக்கிறது பின் சீட்டுக்காரர் கைல இருக்காது. 2012-ல ஜெர்மனி ஹனோவர்ல ரெண்டு ஒளிக்கற்றையை வச்சு இதையும் செஞ்சு காட்டினாங்க. செருப்பு உதாரணத்துல இதுக்கு இடமே கிடையாது பாருங்க, செருப்புல எது ஓட்டுது எது ஓடுதுன்னு என்ன இருக்கு.

செருப்புல இன்னொரு பெரிய குறை, செருப்புக்கு ஒரே ஒரு கேள்விதான், இடதா வலதா. பெட்டில போடும்போதே பதில் உள்ள இருக்கு. ஃபோட்டான்ட்ட எந்தக் கோணத்துல வேணும்னாலும் கேக்கலாம், எல்லாக் கோணத்துக்கும் பதிலை முன்கூட்டியே உள்ள எழுதி வச்சிருக்கு, ஒண்ணு இன்னொண்ணைப் பாதிக்காதுன்னு எடுத்துக்கிட்டா கணக்கு இடிக்கும்னு 1964-ல ஜான் பெல் காட்டினாரு. 1972-ல ஃப்ரீட்மனும் கிளாசரும், 1982-ல ஆஸ்பேயும் செஞ்சு பாத்தாங்க, 2015-ல நெதர்லாந்து டெல்ஃப்ட்ல 1.3 கிலோமீட்டர் தள்ளி வச்சு முக்கியமான ஓட்டை எல்லாம் அடைச்சு செஞ்சாங்க, 2022-ல ஆஸ்பே, கிளாசர், ஸைலிங்கர் மூணு பேருக்கும் நோபல் குடுத்தாச்சு. இவ்வளவும் நடந்த அப்புறம் செருப்பைக் காட்டினா, எது இல்லைன்னு நிரூபிச்சதுக்கு நோபல் குடுத்தாங்களோ அதையே பிள்ளைங்களுக்கு உதாரணமாச் சொல்ற மாதிரி ஆயிருது.

ஒளியை விட வேகமா சேதி போறது பத்தியும் ரெண்டு வார்த்தை. செல்வி என்ன திருப்பு திருப்பினாலும் மூர்த்தி கைல தனியா வர்ற நம்பர் பாதி இது பாதி அது, காசு சுண்டின மாதிரி, வேற எதுவும் தெரியாது. செல்வியோட லிஸ்ட் போன்லயோ மெயில்லயோ வந்து தன் லிஸ்ட்டுக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தாதான் ஒழுங்கு தெரியும். அந்த போன் ஒளி வேகத்தைத் தாண்டாது. ஸ்டியரிங்னு பேரு இருக்கிறதால சேதி போகுதுன்னு நினைக்கக் கூடாது.

இது எதுக்கு நமக்குன்னு கேட்டா, 2023 ஏப்ரல் 19-ல மத்திய அரசு தேசிய குவாண்டம் மிஷனுக்கு 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கிச்சு, 2030-31 வரைக்கும். அதுல குவாண்டம் தகவல் தொடர்பு மையம் ஐஐடி மெட்ராஸ்ல. இதுல நம்ம வரிப் பணமும் இருக்கு. நடைமுறைல எந்த நெட்வொர்க்கா இருந்தாலும் ரெண்டு முனையும் ஒரே தரத்துல இருக்காது. தலைமை ஆபீஸ்ல நல்ல லேப் இருக்கும், சோதிச்சுப் பாக்க ஆள் இருக்கும், கிளைல கடைல வாங்கின பெட்டி இருக்கும், உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. ஒரு ஹால்ல சூப்பர்வைசர், ஒரு ஹால்ல இல்ல. அப்டியே ஸ்டியரிங் கணக்கு. ஒரு முனைக் கருவியை மட்டும் நம்பி, சேதியைப் பூட்டி அனுப்புற ரகசியச் சாவி செய்ற வழியை 2012-லயே பிரான்சியார்டும் கூட்டாளிகளும் எழுதிட்டாங்க. ரெண்டு முனையையும் நம்பாம செய்றதை விட இதுல தர எதிர்பார்ப்பு குறைவு, ரெண்டையும் கண்ணை மூடி நம்புறதை விடப் பாதுகாப்பு அதிகம்.

இரைச்சல் போக இழப்புன்னு ஒண்ணும் இருக்கு. நல்ல ஃபைபர்லயே 50 கிலோமீட்டர் போனா பத்துல ஒரு ஃபோட்டான்தான் மிஞ்சும், 100 கிலோமீட்டர்னா நூத்துல ஒண்ணு. சென்னைல இருந்து எங்க ஊருக்கு 600 கிலோமீட்டருக்கு மேல, அவ்வளவு தூரம் ஒரே ஃபைபர்ல விட்டா லட்சம் கோடில ஒண்ணு வந்து சேரும். நடுவுல ஆம்ப்ளிஃபையர் வைக்கவும் முடியாது, தெரியாத குவாண்டம் நிலையை நகல் எடுக்க இயற்கை விடாது, 1982-லயே நிரூபிச்சது. பரீட்சைல சொன்னா இது ஆப்சென்ட். செல்வி கஷ்டமான கேள்வி வந்தா "ஃபோட்டான் வரல"ன்னு சொல்லித் தப்பிச்சுட்டா என்ன பண்றது? வழக்கமான ரெண்டு கேள்வி பெல் டெஸ்ட்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஆஜர் இருந்தே ஆகணும். ஸ்டியரிங்ல மூர்த்தி பக்கத்து ஆப்சென்ட்டைக் கணக்குல சேக்கவே வேண்டாம், அவர் ஹால்ல சூப்பர்வைசர் இருக்குல்ல, செல்வி பக்கம் மட்டும் பாத்தாப் போதும், அதுலயும் பத்துக் கேள்வி வச்சா பத்துல ஒண்ணுக்கு மேல ஆஜர் இருந்தா, இரைச்சல் கம்மியா இருந்தா, தேறிரலாம். 2012-ல வியன்னாலயும் ஆஸ்திரேலியாலயும் இந்த ஆப்சென்ட் ஓட்டையை அடைச்சு செஞ்சு காட்டினாங்க, ஒரு குழு ஒரு கிலோமீட்டர் ஃபைபர் வழியாவே செஞ்சாங்க.

இன்னொண்ணு, உங்க பக்கம் முழுக்க வெளிநாட்டுப் பேருதான் இருந்துச்சு. இந்தக் கடிதத்துலயும் அப்டித்தான், விஷயம் அங்க நடந்ததுன்னா அப்டித்தான் எழுதணும், அதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா சென்னை தரமணில கணித அறிவியல் நிறுவனத்துல இருந்த ஆர். சைமன், இரைச்சல் கலந்த ரெண்டு ஒளிக்கற்றைக்கு நடுவுல பின்னல் மிச்சம் இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்கிற ஒரு விதியை 2000-ல எழுதினாரு. உலகம் முழுக்க இந்தத் துறைல ஒளிக்கற்றையை வச்சு வேலை பாக்குறவங்க அதை இன்னைக்கும் எடுத்துப் பயன்படுத்துறாங்க. உங்க சென்னை ஆபீஸ்ல இருந்து தரமணி எவ்வளவு தூரம் இருக்கப் போகுது? ஒரு நிருபரை ஒரு நாள் அங்க அனுப்புங்க.

நான் கேக்கிறது பெருசா ஒண்ணும் இல்ல. வர்ற ஞாயிறு இணைப்புல அரைப் பத்தி இடம் ஒதுக்கி, செருப்பு உதாரணம் எங்க உடையுதுன்னும், சேதி ஒளியை விட வேகமாப் போகலைன்னும், இரைச்சல் ஏறும்போது 85, 75, 67-ன்னு படி படியாத்தான் இறங்குதுன்னும் ஒரு திருத்தம் போடுங்க. படம் வேணும்னா எங்க பிள்ளைங்க அந்த ரூம் மூலை அம்பை சாக்பீஸ்ல வரைஞ்சு வச்சிருக்காங்க, போட்டோ எடுத்து அனுப்பி வைக்கிறேன். கால்குலேட்டர்ல விளையாடுற முறையும் ஒரு பக்கத்துக்குள்ள எழுதித் தர்றேன், பிளஸ் டூ பிள்ளைங்களே வீட்ல செஞ்சு பாக்கலாம். கேள்வி கேட்ட அந்தப் பொண்ணு இந்த வருஷம் மூணாம் வருஷம், பேப்பர் வந்ததும் முதல்ல அவதான் போர்டுகிட்ட போய் நிப்பா.

இப்படிக்கு,
ஒரு இயற்பியல் ஆசிரியை,
பாளையங்கோட்டை.